வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்த ஷூ

1

இங்கே எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் ஒரு படிவத்தைக் கையில் கொடுப்பார்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் எழுதிக்கொண்டே வந்தால், கீழே ஒரு கட்டம் காத்துக்கொண்டிருக்கும்: ஜப்பானுக்கு வந்த காரணம். அந்தக் கட்டத்தில் நான் பதினாறு வருடமாகப் பொய் எழுதி வருகிறேன்.

இந்த மாதத்தோடு வந்து பதினாறு வருடம் முடிகிறது. அன்றைக்கு மாணவனாக வந்து சேர்ந்த அதே ஜப்பானிய மொழிப் பள்ளியில்தான் இன்று எனக்கு வேலை. நம் ஊரிலிருந்து சேர விரும்பும் பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் பார்ப்பது, அவர்கள் எழுதும் காரணக் கடிதத்தை ஜப்பானிய மொழியில் பெயர்ப்பது, வந்தபின் வங்கிக்கும் வார்டு ஆபீசுக்கும் கூட்டிப்போவது. ஏன் ஜப்பான், ஏன் இந்தப் பள்ளி என்று ஒரு பக்கத்துக்கு எழுதுவதுதான் காரணக் கடிதம். அதைப் படித்துவிட்டு வீடியோவில் ஒரு நேர்காணல் வைப்பார்கள். அவ்வளவுதான் தேர்வு.

இருபது வயதுப் பிள்ளைகள் முதல் வரைவில் உண்மையை எழுதிவிடுவார்கள். சின்ன வயதில் பார்த்த கார்ட்டூன், அதில் வந்த மழை, ரயில், பள்ளிக்கூட மொட்டைமாடி. நான் அதையெல்லாம் அடித்துவிட்டு 'ஜப்பானின் ஒழுக்கமும் தொழில்நுட்பமும் என்னைக் கவர்ந்தன' என்று எழுதிக்கொடுப்பேன். இதுவரை எத்தனை பேருக்கு அந்த ஒரே வாக்கியத்தை எழுதிக்கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. போன மாதம் சென்னைப் பக்கம் வெள்ளானூரிலிருந்து தர்ஷினி என்ற பெண் அனுப்பிய கடிதத்தையும் அப்படித்தான் திறந்தேன்.

2

நான் வளர்ந்தது ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். எதிர் வீடு தஞ்சாவூர், மாடி வீடு சேலம். எல்லா ஊர்த் தமிழும் எங்கள் தெருவில் கேட்கும், பக்கத்தில் புழங்கும் மெட்ராஸ் தமிழ் மட்டும் எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது. "இன்னா கின்னான்னு பேசுனே, வாயில சூடு வெச்சிருவேன்" என்பாள் அம்மா. அந்த மிரட்டல் எல்லாம் என் சிநேகிதன் தாஸ் வரும்வரைதான். தாஸின் அப்பாவும் ஃபேக்டரிதான், ஆனால் அவர்கள் தலைமுறை தலைமுறையாக ஆவடிக்காரர்கள். அவன் வாயைத் திறந்தாலே அம்மா முகத்தைச் சுளிப்பாள்.

சாயங்காலம் ஃபேக்டரி சங்கு ஊதியதும் சைக்கிள்கள் வரிசையாக வீடு திரும்பும். அதே நேரத்தில் டிவியில் தமிழில் குரல் கொடுத்த ஜப்பானியக் கார்ட்டூன் ஒன்று வரும். தீவு தீவாகப் படகில் போய்த் தபால் கொடுக்கும் ஒரு பையன், கூடவே ஒரு பயந்தாங்கொள்ளி நண்பன். ஒவ்வொரு தடவையும் படகை அவிழ்க்கும்போது தபால்காரப் பையன் கேட்பான்: "இன்னா நைனா, பயந்துட்டியா?" மற்றவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வான்: "பயமா, எனக்கா? ஊட்ல சொல்லிட்டுதான் வந்துகீறேன். வா, போலாம்!"

ஜப்பான் பையன் மெட்ராஸ் தமிழ் பேசினான்! தாஸுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்துக்கோ மச்சான், அவன் நம்ம ஏரியாதான்" என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். நானும் வேண்டுமென்றே அதே வசனத்தை வீட்டில் சத்தமாகச் சொல்வேன். அம்மா கரண்டியைத் தூக்கினால், டிவியில் சொன்னதைத்தான் சொன்னேன் என்பேன். டிவிக்கு அவளால் சூடு வைக்க முடியவில்லை.

அந்தக் கார்ட்டூனில் வருவதையெல்லாம் செய்து பார்த்தோம். இயற்பியல் சாரைப் பார்த்து இடுப்பை வளைத்து வணங்கினேன், "வயித்து வலியாடா?" என்று கேட்டார். முக்கோணமாகப் பிடித்த சோற்று உருண்டையைக் கறுப்பாக ஏதோ ஒன்றில் சுற்றிச் சாப்பிடுவார்கள். அது கடல்பாசி என்று எங்களுக்கு யார் சொல்வது? "வெத்தல மச்சான். வெயில்ல காஞ்சு கறுத்துகீது" என்று தாஸ் அடித்துச் சொன்னான். அவன் அம்மாவின் வெற்றிலைக் கட்டிலிருந்து நான்கை உருவி, தயிர்சாதத்தை முக்கோணமாகப் பிடித்துச் சுற்றித் தின்றோம். அந்தக் காரம் காதுவரை ஏறியது. ஜப்பான்காரன் எவ்வளவு பெரிய வீரன் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது.

அந்தப் படங்கள் எங்களை ஏன் அப்படிப் பிடித்தன என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். சண்டையோ மந்திரமோ காரணமில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. அந்தப் பையன் வீட்டுக்கு வந்ததும் டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைப்பான். அதிலிருந்து தண்ணீர் சொட்டுவதைக்கூடப் பொறுமையாகக் காட்டுவார்கள். வாசலில் ஷூவைக் கழற்றி, அது வெளியே பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு உள்ளே போவான். நானும் தினமும் டிபன் பாக்ஸ் கழுவுகிறவன்தான். அதையெல்லாம் ஒருத்தர் உட்கார்ந்து வரைவார், அதுவும் பார்க்கத் தகுந்தது என்று நினைப்பார் என்பது எனக்கு அதிசயமாக இருந்தது. அப்படி நினைக்கிறவர்கள் இருக்கும் ஊருக்குப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டேன். வந்த காரணம் அதுதான். வேறு எதுவும் கிடையாது.

3

கல்லூரி முடிந்து அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு மாடி அறையில் இருந்த ஏஜென்ட்டிடம் போனேன். கடிதத்தை அவரே எழுதிக் கொடுத்தார். ஒழுக்கம், தொழில்நுட்பம். "கார்ட்டூன் கீர்ட்டூன்னு வாயத் தொறக்காத" என்று மூன்று தடவை எச்சரித்தார்.

பள்ளியிலிருந்து மொரிதா என்ற ஆசிரியர் சென்னைக்கு வந்து ஓர் ஓட்டல் அறையில் நேர்காணல் நடத்தினார். வராந்தா முழுக்கக் கம்பளம். என் முறை வந்தது. கதவைத் தட்டும் முன் எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, குனிந்து ஷூவைக் கழற்றினேன். இரண்டையும் சேர்த்து, வெளியே பார்க்கும்படி திருப்பி, சுவரோரமாக வைத்தேன். பிறகு சாக்ஸோடு உள்ளே போனேன். இடது பெருவிரல் ஓட்டை வழியே வெளியே எட்டிப் பார்த்தது.

மொரிதா கதவருகே நின்று என் காலைப் பார்த்தார். அப்புறம் வராந்தாவை எட்டிப் பார்த்தார். அவரே ஷூ போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"யார் கற்றுக்கொடுத்தார்கள்?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

மனப்பாடம் செய்ததெல்லாம் பறந்துபோயிற்று. "டிவி, சார்" என்றேன்.

மேலே அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சுதாரித்துக்கொண்டு தொழில்நுட்பத்தை ஒப்பித்துவிட்டு வந்தேன். கீழே ஏஜென்ட் நடந்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "டிவின்னா சொன்ன? போச்சு போ. ஷூவ வேற கழட்டிகீறான்! கோயில்னு நெனச்சுக்கினியா?"

சில வாரம் கழித்து இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. நான் உளறியதையும் மீறி ஏஜென்ட்டின் கடிதம் என்னைக் காப்பாற்றிவிட்டது என்று முடிவு கட்டினேன். அந்த நம்பிக்கையில்தான் இத்தனை பிள்ளைகளின் கடிதங்களையும் திருத்தினேன். அந்த ஷூ விஷயத்தை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. வெட்கம்.

4

கார்ட்டூனில் பார்த்த ஜப்பான் இங்கே இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது. ரயில் கேட் மணி அப்படியே அடிக்கிறது. முதல் வருடம் அந்தச் சத்தம் கேட்டால் ஆவடி பக்கத்து அண்ணனூர் ரயில்வே கேட்டில் சைக்கிளோடு நிற்பதுபோல் நின்றுவிடுவேன். ஆனால் தபால்காரப் பையன் இங்கே டிவியில் ஜப்பானிய மொழி பேசினான். முதல் தடவை கேட்டபோது யாரோ வேறு ஆள் அவன் உடம்பில் புகுந்துகொண்டதுபோல் இருந்தது. மாணவர் விடுதியில் தனியாக உட்கார்ந்து அழுதேன். எதைத் தேடி வந்தேனோ அது ஆவடியில் இருந்திருக்கிறது.

என் மகள் இசைக்குப் பதினொரு வயது. இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் ஜப்பானிய மொழியில் பதில் சொல்வாள், அதுவும் இரண்டு வார்த்தை. தமிழ் புரியும், வாயில் வராது. வராது என்பதைவிட வரவழைக்க அவளுக்குக் காரணம் இல்லை என்பதுதான் சரி. பள்ளி விட்டு வந்ததும் ஷூவை இரண்டு திசையில் உதறிவிட்டு உள்ளே ஓடுவாள். தினமும் அதை எடுத்து வாசலைப் பார்க்கத் திருப்பி வைக்கிறவன் நான். இந்த வீட்டில் ஜப்பான்காரன் யார் என்று என் மனைவி கேலி செய்வாள்.

தர்ஷினியின் கடிதம் வந்த அதே வாரம் இசைக்கு ஒரு வீட்டுப்பாடம். அப்பாவோ அம்மாவோ இந்த ஊருக்கு ஏன் வந்தார்கள் என்று பேட்டி எடுத்து எழுத வேண்டும். நோட்டும் பென்சிலுமாக என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"வேலைக்காக" என்றேன்.

எழுதினாள். ஒரே வரி. மறுநாள் ஆசிரியை சிவப்பு மையில் 'இன்னும் கொஞ்சம் கேட்டுப் பார்' என்று எழுதி அனுப்பியிருந்தார். இசை நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டு ஜப்பானிய மொழியில் சொன்னாள்: "உங்களைக் கேட்டால் படிவம் மாதிரி பதில் சொல்கிறீர்கள்."

எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

5

தர்ஷினி போன வருடமும் விண்ணப்பித்தவள். அப்பா அம்பத்தூரில் வெல்டர். இவள் அங்கேயே ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரி வேலை பார்த்துக்கொண்டே ஜப்பானிய மொழி படித்தவள். போன தடவை இடம் கிடைக்கவில்லை. இந்தத் தடவை அனுப்பிய கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. மறு ஒளிபரப்பில் அவளும் அதே தபால்காரப் பையனைத்தான் பார்த்திருக்கிறாள். பக்கம் முழுக்க அவன்தான்.

கை நின்றாலும் பழக்கம் நிற்கவில்லை. அவனை மொத்தமாக எடுத்துவிட்டு, வழக்கமான வாக்கியங்களைப் போட்டு மொழிபெயர்த்து, பார்த்துக்கொள்ளும்படி அவளுக்கு அனுப்பினேன். அவளுடைய மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. பின்னால் டிபன் டப்பாக்கள் திறக்கும் சத்தம்.

"அண்ணா, கோச்சுக்காதீங்க. இது என் லெட்டரே இல்லண்ணா."

"தர்ஷினி, கார்ட்டூன்னு எழுதினா விளையாட்டுப் பிள்ளைன்னு நெனச்சிருவாங்கம்மா. பதினாறு வருஷமா பாக்குறேன்."

"போன தடவ நீங்க திருத்திக் குடுத்தத தானே அப்டியே அனுப்பனேன்? ஒரு எழுத்து மாத்தலயே. அதுலதான் போச்சு."

அவளே தொடர்ந்தாள்.

"இந்தத் தடவயும் இல்லன்னா ஜப்பான் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு. நானும் சரின்னுட்டேன். தோத்தா நான் எழுதனதுக்குத் தோத்துட்டுப் போறண்ணா. நான் எழுதாததுக்கு இன்னொரு வாட்டி தோக்க முடியாது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டே நாளில் கடிதம் மேலே போயாக வேண்டும். அவள் சொன்னது நியாயம்தான், ஆனால் பயம் என்னுடையது. ஏஜென்ட்டின் குரல் இன்னும் என் காதில் இருந்தது.

6

பள்ளி அடுத்த மாதம் புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது. பழைய மாணவர்களின் கோப்புகளைச் சரிபார்த்து, நறுக்கும் இயந்திரத்துக்கு அனுப்பும் வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். போனுக்கு மறுநாள் பின்பக்க அறையில் பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் பெயர் வந்தது. கோப்பில் ஒட்டியிருந்த படத்தில் மீசை முளைக்காத ஒருவன் முறைத்துக்கொண்டிருந்தான். பிறருடைய கோப்பைத்தான் படிக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திறந்தேன்.

ஏஜென்ட் எழுதிய கடிதம் இருந்தது. ஒழுக்கம், தொழில்நுட்பம். அதன் குறுக்கே பென்சிலால் மேலிருந்து கீழாக ஒரு கோடு. பக்கத்தில் மொரிதாவின் கையெழுத்தில் சில வரி:

'கடிதம் பயனற்றது. இவர் எழுதியதல்ல. ஓட்டல் அறைக்கு வெளியே ஷூவைக் கழற்றி, வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தார். தொலைக்காட்சியில் கற்றதாகச் சொன்னார். சேர்த்துக்கொள்ளலாம்.'

அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். மொரிதாவோடு எட்டு வருடம் இதே கட்டடத்தில் வேலை பார்த்தேன். மூன்று மேசை தள்ளி உட்கார்ந்திருப்பார். ஓய்வு பெற்றுப் போகிற அன்றுகூட இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த ஊர்க்காரர்கள் சொல்லமாட்டார்கள். சொல்லாமல் பென்சிலால் எழுதிக் கோப்பில் வைத்துவிடுவார்கள். எதை வெட்கம் என்று மூடி வைத்தேனோ அதற்குத்தான் எனக்கு இந்த ஊரில் இடம் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை பிள்ளைகளின் ஷூவை நான் யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைத்தேன் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுதேன்.

அன்றே தர்ஷினியின் கடிதத்தை முதலிலிருந்து மொழிபெயர்த்தேன். அவள் எழுதியது எழுதியபடி. ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

7

நேர்காணல் சனிக்கிழமை. தலைமையாசிரியை கவாபே கேள்வி கேட்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எழுதவேண்டும். வாய் திறக்கக் கூடாது. திரையில் தர்ஷினி, பின்னால் வெள்ளானூர் வீட்டின் பச்சைச் சுவர், ஒரு காலண்டர். கதவு மறைவில் அவள் அப்பாவின் சட்டை மட்டும் தெரிந்தது. நகராமல் நின்றுகொண்டிருந்தார்.

கவாபே கடிதத்தைத் தட்டிக் காட்டினார். "ஒரு பையனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவனிடம் என்ன பிடித்தது?"

தர்ஷினியின் ஜப்பானிய மொழி தடுக்கித் தடுக்கித்தான் வந்தது. ஆனால் நிற்கவில்லை.

"கடிதத்தைக் கொடுத்துவிட்டு அவன் உடனே போகமாட்டான். அவர்கள் படித்து முடிக்கும்வரை வாசலில் நிற்பான். ஏன் என்று நண்பன் கேட்பான். அழுதால் தனியாக இருக்கக்கூடாது இல்லையா என்பான். எங்கள் தெருவில் பார்சலை கேட்டுக்கு மேலே வீசிவிட்டுப் போவார்கள். நானும் வேலையில் தினமும் நிறையப் பெயர்களைத் தட்டச்சு செய்கிறேன், அவர்கள் யார் என்று தெரியாது. வாசலில் நிற்பதைக் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தவர்கள் இருக்கும் ஊரைப் பார்க்க வேண்டும்."

கவாபே கடிதத்தை மறுபடி கையில் எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "போன வருடம் இந்தியாவிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே ஆள் எழுதியதுபோல் இருந்தன" என்றார். குறை சொல்லும் குரல் இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பென்சிலை எடுத்து ஓரத்தில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்க்க மனம் அடித்துக்கொண்டது. பார்க்கவில்லை.

8

முடிவு வருவதற்கு முன்னாலேயே இசையைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சங்கு, சைக்கிள், தாஸ், வெற்றிலைச் சோறு, ஓட்டை சாக்ஸ். வெற்றிலைக்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஷூவுக்குச் சிரிக்கவில்லை.

"அந்தப் பையன் உண்மையிலேயே தமிழ் பேசுவானா?" என்று கேட்டாள்.

"பேசினான்டி. ஆவடித் தமிழ்."

"எப்படி?"

சொல்லிக் காட்டினேன். சரியாக வருகிறதா என்று எனக்கே சந்தேகம் வந்து தாஸுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். இப்போது அவன் ஆவடி மார்க்கெட்டில் ஸ்கூட்டர் மெக்கானிக். ஐந்து நிமிடத்தில் இரண்டு குரலிலும் நடித்து அனுப்பினான், கடைசியில் "யார்ரா கேக்கறது, பாப்பாவா? மாமன் கேட்டன்னு சொல்லு" என்று ஒரு வரி. அதை இசை எத்தனை தடவை ஓடவிட்டாள் என்று எனக்குத் தெரியாது. நோட்டில் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போனாள்.

நேற்று காலை கவாபே கையெழுத்திட்ட தாள் என் மேசைக்கு வந்தது. தர்ஷினிக்கு இடம். விசா வேலைகள் இனிமேல்தான், ஆனால் இந்தக் கதவு திறந்துவிட்டது. சாயங்காலம் வீட்டிலிருந்து அவளை வீடியோவில் அழைத்தேன். செய்தியைச் சொன்னதும் அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பின்னால் அவள் அப்பா சத்தமில்லாமல் வந்து நின்று அவள் தலையில் கை வைத்தார்.

"அண்ணா, இவ்ளோ நாளு போணும் போணும்னு இருந்துச்சு. இப்ப நெனச்சாலே பயமா இருக்குண்ணா."

சோற்றுக் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் போன இசை நின்றாள். போனுக்குள் தலையை நுழைத்தாள்.

"இன்னா நைனா, பயந்துட்டியா?" என்றாள்.

தர்ஷினி கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பயமா, எனக்கா? ஊட்ல சொல்லிட்டுதான் வந்துகீறேன். வா, போலாம்!"

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "யாருண்ணா அது? பாப்பா எந்த ஊரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் இசை முந்திக்கொண்டாள்.

"ஆவடி" என்றாள்.